இரண்டு முறை வரும் இரண்டரை மணி

அவரிடம் “நாளைக்கு முடிச்சிடறேன்” என்று சும்மா சொல்லிவிட முடியாது. “எந்த ஊரு நாளைக்கு?” என்று கேட்பார். கிண்டலுக்காகக் கேட்கிறார் என்று புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்காமல் பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அவர்களும் சிரிப்பதை நிறுத்திவிட்டு, “சிங்கப்பூர் நாளைக்குத்தான்க்கா” என்று சொல்லிவிட்டு நகர்வார்கள்.

நாங்கள் வேலை பார்த்தது சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில். கீழே குழாய், பூட்டு, துளைபோடும் இயந்திரம் விற்கும் கடை. மேலே, கிளினிக்குகளுக்கும் வீட்டில் இருக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் அமைப்புகளுக்கும் மென்பொருள் எழுதும் எங்கள் சிறு நிறுவனம். அவர் புரோகிராம் எழுதுவார். அவர் எழுதியதில் எங்கே தவறு வரும் என்று உடைத்துப் பார்ப்பது என் வேலை. சில வருடங்கள் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தோம். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், “என் பேரு எதுக்கும்மா, விஷயத்த மட்டும் சொல்லு” என்பார்.

நாற்பதுகளின் நடுவில் இருந்தார். கீழக்கரைக் குடும்பம். அவருடைய அத்தா, அதாவது அப்பா, சிராங்கூன் சாலையில் பெட்டியும் பையும் விற்கும் கடை வைத்திருந்தார். அக்கா ஒரே நிறத்தில் நாலைந்து தலைத்துணி வைத்திருந்தார். காலையில் யோசிக்க வேண்டாம் பாருங்கள். அதிகம் பேசமாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் பிடித்தால் விடமாட்டார். அந்த விஷயம் நேரம்.

“நாள்னா என்ன? இருபத்து நாலு மணி நேரமா, இல்ல காலண்டர்ல அடுத்த கட்டமா? ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் எழுதுறாங்க.”

சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமான கேள்விதான். இங்கே வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடிகிறது, ஒரே நேரத்தில் இருட்டுகிறது. கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. வேறு நாடுகளில் அப்படி இல்லை. கோடைக்காலம் வந்தால் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள், முடிந்ததும் பின்னால் இழுத்து வைக்கிறார்கள். தள்ளி வைக்கும் நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரம். இழுத்து வைக்கும் நாளுக்கு இருபத்தைந்து. காலண்டரில் இரண்டும் ஒரே ஒரு கட்டம்தான்.

ஒருமுறை, ஜனவரி கடைசித் தேதி அது, “சரியா ஒரு மாசம் கழிச்சுப் பல் டாக்டர வந்து பாக்கச் சொல்லியிருக்காருக்கா” என்றேன்.

“பிப்ரவரி முப்பத்தொண்ணாம் தேதியா?”

எனக்கு எரிச்சல் வந்தது. பல் வலி வேறு. “அக்கா, அந்த டாக்டருக்கே அந்தக் கவலை இல்ல.”

“டாக்டர் மனுஷன். பிப்ரவரி கடைசில போனாலும் பாப்பாரு, மார்ச் ஒண்ணாந்தேதி போனாலும் பாப்பாரு. மெஷின் அப்படிச் சமாளிக்காதும்மா. நீ சொன்னதத்தான் செய்யும். நீ சொல்லாத எடத்துல அதுவா ஒண்ணச் செய்யும்.”

இதனால் அவரைக் கண்டு ஒதுங்கியவர்கள் உண்டு. அவர் வரும் கூட்டத்துக்கு ஒன்றரை மடங்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று பேசிக்கொள்வார்கள். மற்றவர்கள் எழுதியதைப் பார்வையிடும்போது, ஒரு நாளைக் கூட்ட எண்பத்தாறாயிரத்து நானூறு நொடிகள் என்று யாராவது எழுதியிருந்தால் அந்த வரியில் விரலை வைத்துவிடுவார். அன்றைக்கு அந்த ஆள் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தாமதமாகத்தான் போவார்.

செம்பவாங் கிளினிக் விவகாரம் வந்த பிறகு அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

அந்த கிளினிக்கில் எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டிருந்தோம். மருந்து கொடுக்குமுன் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு, திரையில் இருப்பதோடு ஒத்துப்பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. போட்ட இரண்டாவது நாளே புகார். சிலருக்குப் பிறந்த தேதி ஒரு நாள் முன்னால் காட்டுகிறது. யாரோ தட்டச்சில் தவறு செய்திருக்கிறார்கள், திருத்திக்கொள்ளச் சொல்லலாம் என்று எங்கள் பக்கத்தில் முடிவு செய்தார்கள். அக்கா பையை எடுத்துக்கொண்டார். “நான் போய்ப் பாத்துட்டு வர்றேன். நீயும் வா.”

போனபோது கவுண்டரில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர், பழைய கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண், “அங்கிள், சிஸ்டத்துல வேற தேதி இருக்கு லா. நீங்க தப்பாச் சொல்றீங்க, மருந்து கொடுக்க முடியாது” என்று நான்காவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவர் அடையாள அட்டையைக் கண்ணாடியில் ஒட்டவைத்து அழுத்திப் பிடித்திருந்தார்.

“எழுபது வருஷத்துக்கு மேல இந்தத் தேதியிலதான் பொறந்திருக்கேன். நேத்து வந்த கம்ப்யூட்டரு என்னை ஒரு நாள் முன்னாடி பொறக்கச் சொல்லுது.”

அக்கா கவுண்டர் பெண்ணிடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். தவறு மென்பொருளில்தான், அங்கிள் மீது இல்லை என்று சொல்லி மருந்தைக் கொடுக்க வைத்தார். பிறகு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களைக் கவனிக்க ஆரம்பித்தார். கைக்குழந்தைகள் சரி. பள்ளிப் பிள்ளைகள் சரி. அவர்களுடைய அம்மாக்கள் பெரும்பாலும் சரி. நடு வயதைத் தாண்டியவர்கள் எல்லாருக்கும் ஒரு நாள் முன்னால். அப்புறம் சக்கர நாற்காலியில் ஒரு சீனப் பாட்டி வந்தார், எண்பது வயதுக்காரர். அவருக்குச் சரியாக இருந்தது.

நான் குழம்பினேன். அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. “ஜப்பான்காரன் காலத்துல பொறந்தவங்க” என்றார்.

பெரியவர் இன்னும் போகவில்லை. தன் பிறந்த நாள் என்னவாகிறது என்று பார்க்க உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்குத்தான் முதலில் விளக்கினார். பிறந்த தேதியை அந்த நாளின் நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று எங்கள் மென்பொருள் சேமித்திருக்கிறது. சேமிக்கும் பகுதி, இன்றைய சிங்கப்பூர் நேரத்தை எடுத்துக்கொண்டது. திரையில் காட்டும் பகுதியோ, அவர் பிறந்த காலத்தில் சிங்கப்பூரில் என்ன நேரம் ஓடியதோ அதை எடுத்துக்கொண்டது. அப்போது நம் கடிகாரம் இன்றைக்கு இருப்பதைவிட அரை மணி பின்னால். நள்ளிரவிலிருந்து அரை மணி பின்னால் போனால் முந்தைய நாள் பதினொன்றரை. அதனால் தேதி மாறிவிட்டது. ஜப்பானியர் ஆண்டபோது சிங்கப்பூர்க் கடிகாரம் தோக்கியோ நேரத்தில் ஓடியது, அது இப்போதைய நேரத்தைவிட முன்னால், அதனால் அந்தப் பாட்டி தப்பித்தார்.

பெரியவர் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். “எண்பத்திரண்டாம் வருஷம் பொறக்கறதுக்கு முந்தின ராத்திரி” என்றார் பிறகு. “நான் ஷிப்ட்ல இருந்தேன். கடிகாரத்த முன்னால தள்ளிட்டாங்க, பதினொன்றரைக்கே கப்பலெல்லாம் சங்கு ஊதிருச்சு. புது வருஷம் வந்துருச்சுன்னாங்க. மிச்ச அரை மணி நேரம் எங்கன்னு கேட்டேன். ஒருத்தனும் பதில் சொல்லல.”

“அதைத்தான் அங்கிள் நான் காலையிலேர்ந்து தேடிட்டு இருக்கேன்” என்றார் அக்கா.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் இளைஞன் ஒருவன், அரை மணியைக் கூட்டிவிட்டால் தீர்ந்தது என்று எளிய வழி சொன்னான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “பொறந்த நாளுக்கு எதுக்கு மணி? புள்ள எந்தத் தேதில பொறந்துச்சுன்னுதான் அட்டையில போட்டிருக்கு. நாமதான் அதுக்கு ஒரு கடிகாரத்தக் கட்டிவிட்டோம். கழட்டு.” மென்பொருள் முழுக்கத் தேடி, பிறந்த தேதி இருந்த ஒவ்வோர் இடத்திலும் மணியைக் கழற்றி, வெறும் தேதியாக வைத்தார்கள். மூன்று பேருக்கு ஒரு வார வேலை. யாருக்கும் சந்தோஷம் இல்லை. அவருக்கு மட்டும் இருந்தது.

இப்போது அவர் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறார். கணவருக்கு அங்கே வேலை கிடைத்துப் போனார்கள். பெர்த்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, சிங்கப்பூர் நேரமேதான். அந்த ஊராகப் பார்த்துத்தான் போயிருக்கிறார் என்று இங்கே எல்லாரும் சொன்னோம். ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு பெர்த் ஞாபகம் வருவதில்லை. மெல்பர்ன்தான் வருகிறது.

மெல்பர்னில் ஓர் அமைப்பு, வீட்டிலேயே படுத்திருக்கும் நோயாளிகளுக்குத் தாதிகளை அனுப்பி வைக்கிறது. யாருக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று தாதியின் கைப்பேசியில் மணி அடித்துச் சொல்லும் மென்பொருள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டு வேலை. அவர்களுடைய பழைய மென்பொருளின் ஒப்பந்தம் ஏப்ரல் முதல் சனிக்கிழமை முடிகிறது. அன்றைக்கு எங்களுடையது ஓட ஆரம்பித்தாக வேண்டும். தள்ளிப்போட வழியில்லை.

அன்றைக்கு இரவுதான், பருவங்கள் தலைகீழான மெல்பர்னில், கோடைக்கால நேரம் முடிகிறது. ஞாயிறு விடிகாலை மூன்று மணி ஆகும்போது கடிகாரத்தைத் திரும்ப இரண்டுக்கு இழுத்து வைப்பார்கள். இரண்டிலிருந்து மூன்று வரையான ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும்.

அக்கா ஒரு சோதனை எழுதி எனக்குக் காட்டினார். ஒரு நோயாளிக்கு இரண்டரை மணிக்கு வலி மருந்து. கைப்பேசி மணி அடிக்கிறது, தாதி கொடுக்கிறார், கொடுத்தாயிற்று என்று தொடுகிறார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் இரண்டரை. கைப்பேசி மறுபடியும் அடிக்கிறது. இரண்டாவது முறை தொட்டால் முதலில் தொட்டது அழிந்துபோகிறது, இரண்டுக்கும் ஒரே நேரம் என்பதால். காலையில் வரும் மருத்துவருக்கு ஒரு தடவை கொடுத்ததாகத்தான் தெரியும்.

“தாதிக்குத் தெரியாதாக்கா, இப்பத்தானே கொடுத்தோம்னு?”

“தெரியும். அவங்களே முழிச்சிருந்தா. நடுவுல ஆள் மாறினா? பாதித் தூக்கத்துல இருந்தா? வலில இருக்கற ஆளு, மணி அடிச்சிருச்சே இன்னும் கொடுக்கலையான்னு கேட்டா?”

எங்கள் இயக்குநரும் தமிழர்தான், பாஸ் என்று கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை. அந்த நிறுவனத்தைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தவர். அந்த வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. கூட்ட அறையில் எங்களை உட்காரவைத்தார்.

“சிம்பிளா முடிக்கலாமே. நம்ம சர்வர் சிங்கப்பூர் நேரத்துலதான் ஓடுது. மெல்பர்னுக்கு மூணு மணி நேரம் கூட்டினா போதும்.”

“எப்ப வரைக்கும் மூணு பாஸ்? ஞாயித்துக்கெழமையிலேர்ந்து ரெண்டு.”

“சரி. அந்த ஒரு மணி நேரம் மட்டும் அலாரத்த நிறுத்தி வச்சிடுவோம்.”

“எந்த ஒரு மணி நேரம்? மொதல்ல வர்றதா, ரெண்டாவதா? ரெண்டையும் நிறுத்தினா மருந்தே கெடைக்காது.”

“அப்ப என்ன பண்ணணும்னு சொல்லுங்க.”

“மருந்துல ரெண்டு வகை இருக்கு. காலைல பசியாறும்போது கொடுன்னா அது கடிகாரத்தப் பாத்துக் கொடுக்கறது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னா அது இடைவெளியப் பாத்துக் கொடுக்கறது. நாம ரெண்டையும் ஒண்ணா வச்சிருக்கோம். எது எந்த வகைன்னு நமக்குத் தெரியாது. மெல்பர்ன் ஹெட் நர்ஸ்கிட்ட ஒவ்வொண்ணாக் கேக்கணும்.”

பாஸ் மறுத்தார். கடைசி வாரத்தில் போன் போட்டு இப்படிக் கேட்டால் நமக்கு எதுவும் தெரியாது என்று நினைப்பார்கள். முதல் வெளிநாட்டு வேலை, முதலிலேயே பயந்துவிடுவார்கள். “ஒரு மணி நேரம். வருஷத்துல ஒரே ஒரு மணி நேரம். அதுக்காக இத்தன பேரு வேலையையும் கெடுக்கணுமா?”

மென்பொருளை வெளியே அனுப்ப, எழுதியவரும் சோதித்தவரும் ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். “இப்படியே அனுப்பினா நான் ஒப்புதல் கொடுக்க மாட்டேன்” என்றார் அக்கா. சொன்ன விதத்தில் கோபமே இல்லை. மழை வருது, குடை எடுத்துக்கிட்டுப் போ என்பதுபோல் சொன்னார்.

பாஸ் என்னைப் பார்த்தார். அந்த இரண்டரை மணிச் சோதனையை நானே என் கையால் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். “நானும் கொடுக்க முடியாது பாஸ்” என்றேன்.

நோன்பு மாதம் அது. காலையிலிருந்து அக்கா ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கூட்டம் முடிவில்லாமல் கலைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டுக்குக் கிளம்பினால் வழியிலேயே நோன்பு திறக்க வேண்டியிருக்கும் என்று மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே போய் நான் கஞ்சி வாங்கி வந்தேன். பேரீச்சம்பழத்தை எனக்கும் ஒன்று கொடுத்தார்.

“ஏன்க்கா இவ்வளவு பிடிவாதம்? வேலை போயிடும்னு பயமில்லையா?”

கஞ்சியைக் கொஞ்ச நேரம் கிண்டிக்கொண்டிருந்தார்.

“எங்க காக்கா லண்டன்ல மவுத்தானாரு” என்றார். காக்கா என்றால் அவர்கள் வீட்டில் அண்ணன், மச்சி என்றால் அண்ணி. “கோவிட் நேரம். யாரும் போக முடியாது. அடக்கம் பண்றத வீடியோவுல காட்டறேன், காலைல பத்து மணிக்குன்னு மச்சி சொன்னாங்க. லண்டனுக்கும் நமக்கும் எட்டு மணி நேரம்னு நான் மனசுலயே கூட்டிக்கிட்டேன். சாயங்காலம் ஆறு மணின்னு உம்மாகிட்டச் சொன்னேன். உம்மா கைகால் கழுவி ஒளு செஞ்சுட்டு வந்து உக்காந்தாங்க. தெறந்து பாத்தா மண்ணுதான் தெரியுது. எல்லாரும் போயிட்டாங்க.”

அன்றைக்குத்தான் லண்டனில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். எட்டு மணி நேரம் ஏழாகியிருந்தது.

“வேலையில இதையே பாக்கறவ நான். அன்னைக்குன்னு மெஷினக் கேக்காம மனசுல கூட்டினேன்.” கிண்ணத்தை வைத்தார். “அதனாலதான் இப்படி ஆயிட்டேன்னு நெனைக்காத. அதுக்கு முன்னாடியும் நான் இப்படித்தான். அதுக்கப்புறம் யாரு சிரிச்சாலும் விடறதில்ல. அவ்வளவுதான்.”

அவர் எழுந்து கை கழுவிவிட்டு, தொழுகைப் பாயை எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குள் போனார்.

மறுநாள் காலை பாஸ் நேராக எங்கள் மேசைக்கு வந்தார். ஒப்புதலைத் தன் பெயரிலேயே போட்டு அனுப்பப் போவதாகச் சொன்னார். அந்த உரிமை அவருக்கு இருந்தது.

“போடுங்க பாஸ்” என்றார் அக்கா. “ஆனா அந்த நர்ஸுக்கு ஒரு போன் போட்டு நீங்களே சொல்லிடுங்க. சனிக்கெழமை ராத்திரி ஒரு மணி நேரம் ஸ்கிரீன நம்பாதீங்கன்னு. அது போதும் எனக்கு.”

பாஸ் கைப்பேசியை எடுத்தார். எண்ணைத் தேடினார். எங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டு விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்றுதான் எடுத்திருப்பார். எண் திரையில் வந்த பிறகு கட்டைவிரல் அப்படியே நின்றது. உங்களுக்கு நாங்கள் விற்கும் பொருளை நம்பாதீர்கள் என்று எந்த வார்த்தைகளில் சொல்வது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நின்றபடியே கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கைப்பேசியை அக்காவின் மேசையில் வைத்தார்.

“நீங்களே கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் இருக்கேன்.”

மெல்பர்ன் தலைமைத் தாதி இருமிக்கொண்டே பேசும் ஒரு பெண்மணி. அக்கா சுருக்கமாக விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் அந்த அம்மாள் பயப்படவில்லை. சிரித்தார். அந்த இரவு தங்களுக்குத் தெரியும் என்றார். பழைய மென்பொருளும் அப்படித்தான், ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு அதை அணைத்துவிட்டுத் தாளில் எழுதிக்கொள்வோம், புதிதாக வரும் தாதிகளுக்கு அதைச் சொல்லிவைக்க மறந்துவிடுவோமோ என்றுதான் எப்போதும் பயம் என்றார். பிறகு, இதை இதற்கு முன் எந்த நிறுவனமும் தன்னிடம் கேட்டதில்லை என்றார்.

அதற்குப் பிறகு பாஸ் எதையும் தடுக்கவில்லை. அக்காவும் தலைமைத் தாதியும் போனில் மருந்து மருந்தாகப் போனார்கள். இது கடிகாரமா, இடைவெளியா? சில மருந்துகளுக்கு அந்த அம்மாளே தயங்கி, மருத்துவரைக் கேட்டுவிட்டு வந்தார். இடைவெளி மருந்துகளுக்கு, கடைசியாகக் கொடுத்த கணத்திலிருந்து உண்மையில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எண்ணும்படி அக்கா மாற்றி எழுதினார். கடிகார மருந்துகளுக்கு, அந்த நேரம் முதலில் வரும்போது ஒருமுறை மட்டும் மணி அடிக்கும்படிச் செய்தார். கொடுத்த மருந்தைத் தொட்டால் எந்த இரண்டரை என்பதும் சேர்ந்து பதிவாகும்படி வைத்தார். அவர் எழுத எழுத நான் உடைத்துப் பார்த்தேன். வியாழக்கிழமை இரண்டு இடத்தில் உடைந்தது. வெள்ளிக்கிழமை ஓரிடத்தில். சனிக்கிழமை காலை எத்தனை முட்டியும் உடையவில்லை. இரண்டு பேரும் ஒப்புதல் கொடுத்தோம். அவர், “சரி, கெளம்பறேன், உம்மாவுக்கு மருந்து வாங்கணும்” என்று பையை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை நான் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு செய்தியை எனக்கு அனுப்பிவைத்தார். தலைமைத் தாதி எழுதியது. முதல் இரண்டரைக்கு மணி அடித்தது, மருந்து கொடுத்தாயிற்று. இரண்டாவது இரண்டரைக்குக் கைப்பேசி சும்மா இருந்தது. அந்த நேரத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீர் குடித்தேன், பல வருடங்களில் அந்த இரவில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. இவ்வளவுதான் செய்தி. வெண்டைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அதை இரண்டு முறை படித்தேன்.

திங்கட்கிழமை பாஸ் எல்லாருக்கும் மாலையில் நோன்பு திறக்கச் சாப்பாடு ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். முகத்தில் பழைய நிறம் வந்திருந்தது. அக்காவின் மேசையருகே நின்று, “பாத்தீங்களா, கடைசில ஒண்ணுமே ஆகல” என்றார். அதை என்ன நினைத்துச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. நன்றியாகவும் இருக்கலாம், இதற்கா இவ்வளவு என்றும் இருக்கலாம். சுற்றியிருந்தவர்கள் அக்கா என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தார்கள்.

“ஆமா பாஸ்” என்றார். “ஒண்ணும் ஆகல.” அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

“அப்ப மெல்பர்ன் வேலை முடிஞ்சுதுன்னு எழுதிடலாமா?”

“ஏப்ரலுக்கு எழுதலாம்.”

பாஸ் தன் அறைக்குப் போனார். அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெல்பர்னை அழைத்தார். தலைமைத் தாதியின் இருமல் எனக்கே கேட்டது. அக்டோபரில் கடிகாரத்தை முன்னால் தள்ளுவீர்கள், இரண்டு மணி ஆனதும் அடுத்தது மூன்று, அந்த இரவில் இரண்டரை மணி என்று ஒன்று வரவே வராது, அன்றைக்கு அந்த மருந்தை எப்போது கொடுப்பீர்கள் என்று ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார்.

மறுமுனையில் இருமல் நின்று, தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. அக்கா காத்திருந்தார்.